இருபதுக்கும் மேல ஜீப்ரா ஃபின்ச் இருக்கு, நல்ல கையில ஒப்படைக்கணும், வழி சொல்லுங்க

மாடிவீட்டுக்காரி (சென்னை)

எல்லாருக்கும் வணக்கம். வேளச்சேரில இருக்கோம். பொண்ணு ஸ்கூல் படிக்கறப்போ ஆசைப்பட்டான்னு ஒரு ஜோடி ஜீப்ரா ஃபின்ச் குருவி வாங்கிக் குடுத்தோம், கடைக்காரர் கூண்டோட சேத்து ஒரு மண்பானையும் தேங்கா நாரும் அவரே மாட்டிக் குடுத்தாரு, அப்புறம் எடம் பத்தலைன்னு பெரிய கூண்டு, அதுல மூணு பானை, அவ்ளோதான், எந்தப் பானையும் காலியா இருந்து நான் பாக்கலை. இப்போ இருபத்திமூணு. ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கும், எண்ண விட்டாத்தானே. பொண்ணு ஹாஸ்டல் போயாச்சு, வீட்டுக்காரருக்குப் புனே டிரான்ஸ்ஃபர், அங்க பாத்திருக்கற ஃபிளாட்ல பால்கனியே கிடையாது. வாங்கின கடையிலயே கேட்டுப் பாத்தேன், கொண்டு வாங்க ஆனா காசு தரமாட்டேன்னாரு, காசு கூட பரவால்ல, அங்க ஒரே கூண்டுல எவ்ளோ அடைச்சு வச்சிருக்காங்கன்னு பாத்ததும் மனசு வரலை. நாய் பூனைன்னா தத்துக் குடுக்க ஆயிரம் குரூப் இருக்கு, இந்தக் குருவிக்கு எங்க போய்க் கேக்கறதுன்னே தெரியலை. பக்கத்து வீட்டுப் பையன் ஒண்ணே ஒண்ணு போதும்னு கேக்கறான், தனியா குடுக்கலாமா? ஒரு பானைல குஞ்சு கத்துது, இன்னொண்ணுல முட்டை இருக்கு. என்ன பண்ணட்டும்?

கோடம்பாக்கத்தான்

சிம்பிள் சிஸ்டர். ஃபேஸ்புக்ல "ஃப்ரீ"ன்னு ஒரு போஸ்ட் போடுங்க, சாயங்காலத்துக்குள்ள கூண்டு காலி.

வைகைக்கரை

எதுக்குக்கா இம்புட்டு யோசனை, மொட்டை மாடிக்குக் கொண்டு போய்க் கதவைத் தொறந்து விட்ருங்க. எங்கம்மா அமாவாசைக்கு கோயில் வாசல்ல குருவி வாங்கிப் பறக்க விடுவாங்க. புண்ணியமாச்சு.

பறவைநோக்கி

வேளச்சேரில தொறந்து விட்டா புண்ணியம் வைரிப் பருந்துக்கும் காக்காய்க்கும்தான் தம்பி. கோவமா சொல்லலை, இதை அடிக்கடி கேக்கறதால சொல்றேன். இந்தக் குருவிங்க ஊரு ஆஸ்திரேலியா. அங்கேந்து காட்டுப் பறவைய வியாபாரத்துக்கு ஏத்துமதி பண்றதை 1960-லயே நிறுத்திட்டாங்க, அதனால நம்ம ஊர்க் கடைல இருக்கறதெல்லாம் தலைமுறை தலைமுறையா கூண்டுலயே பொறந்து கூண்டுலயே வளந்த கூட்டம். கிண்ணத்துல தினை கொட்டினா திங்கத் தெரியும், இரை தேடத் தெரியாது, பூனைய பாத்தா எங்க ஒளியணும்னு தெரியாது. வெள்ளையும் சாம்பலுமா பளிச்சுனு வேற இருக்கும். ரெண்டு நாள் தாங்கினாலே பெரிசு. அப்படியே தப்பிப் பொழைச்சாலும் நம்ம ஊர்ப் பறவை இல்ல அது.

கோயில் வாசல்ல விக்கறது வேற கதை, அது பெரும்பாலும் நம்ம வயக்காட்டுல வலை போட்டுப் புடிச்ச சில்லை, தினைக்குருவின்னு சொல்வாங்களே அது. நீங்க காசு குடுத்து விடுவிக்கறீங்க, அவன் அந்தக் காசுல அடுத்த வலை வாங்கறான். அதைப் பத்தி ஆரம்பிச்சா விடிஞ்சிடும், விட்ருவோம்.

தினைவிதை (கோவை)

அக்கா, ஆள் தேடறதுக்கு முன்னாடி பானையைக் கழட்டோணுமுங்க. இதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க பத்துக் குருவியக் குடுத்து முடிக்கறதுக்குள்ள கூண்டுல இன்னொரு பத்து வந்துருக்கும்.

ஏன் இப்படிப் பெருகுதுன்னா, இதுங்க ஆஸ்திரேலியாவுல இருக்கறது நடு வறண்ட பூமியில. அங்க மழை எப்ப வரும்னு சொல்ல முடியாது, அதனால இந்த மாசம்தான் முட்டை வைக்கறதுன்னு கணக்கெல்லாம் கெடையாது, மழை பேஞ்சு புல்லுல வெதை புடிச்சா உடனே கூடு கட்டிரும். நம்ம வூட்டுல தெனமும் தண்ணி, தெனமும் தினை, அப்பப்போ முட்டை கீரை வேற, அது பாட்டுக்கு இந்த வருசம் பூரா மழைதான்னு நெனச்சுட்டு இருக்குதுங்க. ஒரு ஈத்துக்கு நாலிலிருந்து ஆறு முட்டை, 12 - 14 நாள்ல பொரிஞ்சுரும், பொரிஞ்ச குஞ்சு மூணு வாரத்துல பானைய விட்டு வெளிய வந்துரும், அஞ்சு வாரத்துல தானாத் திங்கும், மூணு மாசம் ஆறப்போ அதுவே அடுத்த பானைக்கு ரெடி. அண்ணன் தங்கச்சின்னெல்லாம் பாக்காதுங்க. அதனால உங்க கூண்டுல எது எதுக்குப் பொறந்ததுன்னு உங்களுக்கே தெரியாது, எடுத்துட்டுப் போறவங்ககிட்ட இதை மறைக்காம சொல்லிருங்க.

செய்ய வேண்டியது: காலிப் பானைய இன்னைக்கே எடுத்துருங்க, நார், பஞ்சு, நூலு எல்லாம் சுத்தமா வெளிய. நூல் எப்பவுமே வேண்டாம், கால்ல சுத்திப் புண்ணாகி வெரலே போயிரும், நான் பாத்திருக்கேன். குஞ்சு இருக்கற பானைய மட்டும் தொடாதீங்க, அதுங்க வெளிய வந்து தானாத் திங்கற வரைக்கும் அந்த ஜோடியையும் குஞ்சையும் யாருக்கும் குடுக்க வேண்டாம். பானைய எடுத்ததும் சிலது தீனிக் கிண்ணத்துலயே முட்டை வைக்கும், அதுக்குத் தக்கன கிண்ணத்தை மாத்தி ஒடுக்கமா வைங்க. முட்டை, மொளகட்டின பயிறு, கீரை எல்லாம் கொஞ்ச நாளைக்குக் கொறைச்சுட்டு வெறும் தினை, சாமை, குதிரைவாலி, கணவாய் மீன் ஓடு போதும். ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ஹால்ல லைட் எரியுதுன்னா கூண்டு மேல துணி போட்டு மூடிருங்க, பகல் நீளமா இருந்தா அதுங்களுக்கு இன்னும் குஷி.

முட்டை இருக்கற பானையில, முட்டைய அப்படியே எடுத்து வீசிறாதீங்க. எடுக்க எடுக்க அது வைக்கும். ஒடம்புல இருக்கற சுண்ணாம்புச் சத்தெல்லாம் போயி கடைசில முட்டை அடைச்சுச் செத்துப் போகும், சின்ன வயசுப் பொட்டைக்கு இது ரொம்ப சாதாரணமா வரும். முட்டைய ஒரு நிமிசம் கொதிக்கற தண்ணில போட்டு ஆற வச்சுத் திருப்பி அதே எடத்துல வைங்க, இல்லைன்னா பிளாஸ்டிக் முட்டை கெடைக்குது அதை வைங்க. அது அடை காத்துப் பாத்துட்டு சலிச்சு எந்திரிச்சுரும்.

ஜோடியப் பிரிக்காதீங்க. இதுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கற ஜாதி. பக்கத்து வூட்டுத் தம்பிக்கு ஒண்ணு குடுக்கறதுக்குக் குடுக்காமயே இருக்கலாம். ரெண்டு சேவலாவோ ரெண்டு பொட்டையாவோ குடுங்க, பெருகாது, தொணையும் ஆச்சு.

வள்ளிமலை

முட்டையை அவிச்சுத் திருப்பி வைக்கறதா? படிக்கவே ஒரு மாதிரி இருக்கு. அந்தத் தாய்க்குருவி உக்காந்து அடை காக்கும், உள்ள ஒண்ணும் இல்லைன்னு அதுக்குத் தெரியாது. இதுக்குப் பேரு ஜீவகாருண்யமா?

வெட்னரி_மாணவி

உங்க சங்கடம் புரியுதுங்க, ஆனா எந்த முட்டைன்னு பாருங்க. ஜீப்ரா ஃபின்ச் பெரும்பாலும் மொத ரெண்டு மூணு முட்டை வைக்கறவரை சரியா அடை காக்காது, அடை காக்கலைன்னா உள்ள கரு வளரவே ஆரம்பிக்காது. அந்த நெலையில அது நீங்க ஆம்லெட் போடற முட்டை மாதிரிதான். அதனால முட்டை வச்ச மொத நாள் ரெண்டாம் நாள்லயே மாத்திடணும், தள்ளிப் போடக் கூடாது. எப்போ வச்சதுன்னு தெரியலைன்னா இருட்டு ரூம்ல மொபைல் டார்ச் மேல வச்சுப் பாருங்க, சிலந்தி வலை மாதிரி செவப்பு நரம்பு தெரிஞ்சா உள்ள கரு வளர ஆரம்பிச்சாச்சு. அப்படி இருந்தா நான் தொட மாட்டேன், பொரிக்க விட்டுடுவேன். இது என் கருத்து, தினைவிதை அண்ணா வேற சொல்லலாம்.

தினைவிதை (கோவை)

வேற சொல்ல ஒண்ணும் இல்லீங்க, நானும் நரம்பு தெரிஞ்சா விட்டுருவேன்.

வள்ளிமலை

சரி. அப்படின்னா ஒத்துக்கறேன். முழு மனசா இல்ல.

மாடிவீட்டுக்காரி (சென்னை)

ஒரு பானை எடுத்தாச்சு. முட்டைல டார்ச் அடிச்சுப் பாத்தேன், மூணும் தெளிவா இருந்துச்சு, மாத்தி வச்சுட்டேன். இந்த மழை சமாச்சாரம் யாருமே சொன்னதில்ல, நான் வாராவாரம் அவிச்ச முட்டை வேற குடுத்துட்டு இருந்தேன். ஆண் பெண் எப்படிப் பிரிக்கறது? பாதி வெள்ளையா இருக்கு.

தினைவிதை (கோவை)

சாம்பல் கலருன்னா சுலபமுங்க. கன்னத்துல ஆரஞ்சுப் பொட்டு, வயித்தோரம் செம்பழுப்புல வெள்ளைப் புள்ளி, நெஞ்சுல கோடு கோடா இருந்தா சேவல். வெள்ளைல இது எதுவும் தெரியாது, மூக்கைப் பாருங்க, நல்ல ரத்தச் செவப்புன்னா சேவல், வெளிர் ஆரஞ்சுன்னா பொட்டை. குஞ்சு மூக்கு கருப்பா இருக்கும், அது நெறம் மாறுற வரைக்கும் காத்திருக்கோணும். சந்தேகம் வந்தா காது குடுத்துக் கேளுங்க, பாட்டுப் பாடறது சேவல் மட்டும்தான். அப்பன் பாடறதக் கேட்டுத்தான் மகன் கத்துக்கும், அதனால உங்க வூட்டுச் சேவல் எல்லாம் ஒரே ராகத்துல இழுக்கும் பாருங்க.

பறவைநோக்கி

இந்தப் பாட்டுக் கத்துக்கற விஷயத்துக்காகத்தான் உலகம் பூரா ஆராய்ச்சிக்கூடத்துல இதை வளக்கறாங்க. கோழிக்கு அடுத்தபடியா மரபணு முழுசா படிச்ச பறவை இதான், 2010-ல. அதுவும் தவிர, வெயில் ரொம்ப ஏறினா அடைகாக்கற குருவி முட்டையப் பாத்து ஒரு தனிச் சத்தம் குடுக்கும், அதைக் கேட்டுப் பொரிஞ்ச குஞ்சு வெயிலுக்குத் தக்கன சின்ன ஒடம்பா வளரும்னு 2016-ல ஆஸ்திரேலியால கண்டுபிடிச்சாங்க. கடைல சில நூறு ரூபாய்க்கு விக்கற குருவி. சரி, விஷயத்துக்கு வாங்க.

கோடம்பாக்கத்தான்

அதான் நானும் சொல்றேன், விஷயத்துக்கு வாங்க. பானைய எடுத்தாச்சு, இருபத்திமூணும் கூண்டுலதான் இருக்கு. ஃப்ரீன்னு போடறதுல என்ன தப்பு?

தினைவிதை (கோவை)

ஃப்ரீன்னு போட்டா மொத ஃபோன் யாருகிட்ட இருந்து வரும்னு நெனக்கறீங்க? "எல்லாத்தையும் நானே எடுத்துக்கறேன், எங்க வூட்டுல பெரிய ஏவியரி, ரூம் மாதிரி பறவைக்கூண்டு இருக்கு, வண்டிய அனுப்பறேன்"னு ஒருத்தன் பேசுவான். கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்கு மதி எங்க போச்சு. அடுத்த வாரம் அதே குருவி கடையில இருக்கும், நீங்க எதைப் பாத்து மனசு வராம திரும்பி வந்தீங்களோ அதே கூண்டுல. ஒரு ஜோடிக்குக் கடை வெலையில பாதியாவது சொல்லுங்கக்கா. அந்தக் காசு உங்களுக்கு வேண்டாம்னா தினை வாங்கிக் கூடவே குடுத்து விடுங்க. காசு குடுத்து வாங்கறவன் ரெண்டு தடவை யோசிப்பான்.

நெல்லைச்சீமை

இது எனக்கு ஒப்புதல் இல்ல அண்ணாச்சி. காசு இருக்கவன்லாம் நல்லா வளப்பான்னு யாரு சொன்னா? எங்க தெருவுல ஒரு பள்ளிக்கூடத்துப் பய பழைய கொசுவலைக் கம்பிய வச்சு அவனே கூண்டு கட்டி ரெண்டு குருவிய வச்சிருக்கான், அத மாதிரி சுத்தபத்தமா நான் எங்கயும் பாத்ததில்ல. அவங்கிட்ட போயி ஐநூறு ரூவா குடுன்னா எங்க போவான்? வெலைய வச்சு ஆள அளக்காதிய, கேள்வி கேளுங்க. கூண்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, அதுலயே தெரிஞ்சிரும்.

வெட்னரி_மாணவி

நெல்லை அண்ணாச்சி சொல்றது சரி, ஆனா போட்டோல என்ன பாக்கணும்னும் தெரியணும். ஃபின்ச் கிளி மாதிரி கம்பியப் புடிச்சு ஏறாது, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறக்கும். அதனால கூண்டு நீளமா இருக்கணும், உசரம் எவ்ளோ இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. அழகுக்கு வைக்கற வட்டக் கூண்டு, கோபுரக் கூண்டு அனுப்பினா வேண்டாம்னு சொல்லிடுங்க. கம்பிக்கு நடுவுல அரை இஞ்சுக்கு மேல இடைவெளி இருந்தா தலையை விட்டு மாட்டிக்கும். அப்புறம் எங்க மாட்டி வச்சிருக்காங்கன்னு பாருங்க, அடுப்படில வேண்டவே வேண்டாம், நான்ஸ்டிக் பாத்திரம் காஞ்சு புகைஞ்சா நமக்குத் தும்மல் கூட வராது, அதுங்க கொஞ்ச நேரத்துல காலி. பால்கனின்னா வைரி வந்து வெளிய இருந்தே கால வச்சு இழுக்கும், உள்ள தட்டி கட்டியிருக்கணும். எறும்புக்குக் கூண்டுக் கால் நாலையும் தண்ணிக் கிண்ணத்துல வைக்கணும், எறும்புச் சாக்பீஸ் போடறவங்களா இருந்தா சொல்லிப் புரிய வைங்க.

இன்னொரு கேள்வி எப்பவும் கேளுங்க: ஏற்கனவே வீட்ல பறவை இருக்கா? இருந்தா புதுசு வேற ரூம்ல ஒரு மாசம் தனியா இருக்கணும், பக்கத்துக் கூண்டுல இல்ல, வேற ரூம்ல. உங்க பக்கமும் பாத்துக்கோங்க, ராத்திரி லைட் அணைச்சதும் கூண்டு கிட்ட போய்க் கேளுங்க, டிக் டிக்னு சத்தம் வந்தா, இல்ல வாயைத் தொறந்து வாலை ஆட்டி ஆட்டி மூச்சு விட்டா, மூச்சு விடற காத்துப்பைல உண்ணி இருக்கலாம். அப்படி இருந்தா ஒண்ணைக் கூடக் குடுக்காதீங்க, வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரில காட்டிட்டுக் குடுங்க. கடைல விக்கற சொட்டு மருந்தை நீங்களா போடாதீங்க, பத்து பன்னெண்டு கிராம் ஒடம்பு, ஒரு சொட்டு கூடினாலே ஆபத்து.

நெல்லைச்சீமை

ரொம்ப சந்தோசம் தாயி. இவ்வளவும் கேட்டாச்சுல்லா, இப்ப நானே கேக்கேன். எனக்கு ஆறு சேவல் வேணும். பாளையங்கோட்டையில வீடு, முத்தத்துல பழைய கோழிக்கூடு கெடக்கு, ஆறடி நீளம், அதுக்குக் கம்பி வலை மாத்திருக்கேன், போட்டோ அனுப்புதேன். பஸ்ல பார்சல் போட்டு விடுதியளா?

வெட்னரி_மாணவி

ஐயோ வேண்டாம் அண்ணாச்சி. டிக்கில லக்கேஜோட போட்டு ராத்திரி பூரா. வந்து சேந்தா அதிர்ஷ்டம்ங்கற மாதிரிதான் பல பேரு அனுப்பறாங்க. நேர்ல எடுத்துட்டுப் போகலாமே.

நெல்லைச்சீமை

சரிதான். மச்சான் காரு சென்னையில நிக்கி, இந்த மாசக் கடைசில ஊருக்கு வாரான், அவங்கிட்ட ஏத்திருவோம். எப்படி ஏத்தணும்?

தினைவிதை (கோவை)

கூண்டோட வேண்டாமுங்க, ஆட்டத்துல அடிபடும். ஷூ டப்பாவ விடக் கொஞ்சம் பெரிய அட்டைப் பொட்டி, பக்கவாட்டுல ஓட்டை, கீழ காகிதம், தரையில தினை தூவி வெள்ளரிக்காத் துண்டு ரெண்டு. தண்ணிக் கிண்ணம் வைக்காதீங்க, கொட்டி நனைஞ்சுரும். உள்ள அரையிருட்டா இருந்தாத்தான் கம்முனு உக்காந்திருக்கும். ஏசி காத்து நேரா படாம, வெயில் ஏறதுக்கு முன்னாடி கெளம்பச் சொல்லுங்க. டீக்கடைல நிறுத்திட்டு காரை வெயில்ல பூட்டிட்டுப் போயிரப் போறாரு உங்க மச்சான்.

தாம்பரம்_தம்பு

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நானும் ஃபின்ச் குடுக்கணும்னுதான் இந்த இழையப் படிச்சுட்டு இருந்தேன். ஒரு சந்தைல "க்ரீன் ஃபின்ச்"னு நாலு வாங்கினேன், பச்சைப்பசேல்னு இருந்துச்சு, குளிக்கத் தண்ணி வச்சா தண்ணி பச்சையா ஓடுது, இப்போ பழுப்பு நெறம், நெஞ்சுல செதில் செதிலா வெள்ளைப் புள்ளி. இது என்ன வெரைட்டி?

பறவைநோக்கி

வெரைட்டியும் இல்ல ஒண்ணும் இல்ல தம்பு, அது புள்ளிச் சில்லை. நம்ம ஊரு வயல்ல இருக்கறது. புடிச்சுட்டு வந்து சாயத்துல முக்கி எடுத்து விக்கறாங்க. செவப்பா குட்டியா புள்ளி வச்சு "ஸ்ட்ராபெரி ஃபின்ச்"னு விக்கறதும் அப்படிப் புடிச்சதுதான், அது சிவப்புச் சில்லை, சாயம் வேணாம், அதுவா அழகு. ரெண்டையும் விக்கறது, வாங்கறது, வீட்ல வச்சுக்கறது எல்லாமே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். பயமுறுத்தச் சொல்லலை, ஆனா இதை நீங்க யாருக்கும் தத்துக் குடுக்க முடியாது. வனத்துறைக்கு ஃபோன் பண்ணி இப்படி ஏமாந்து வாங்கிட்டேன்னு சொல்லி ஒப்படைங்க, உங்க பக்கத்துக்கு கிண்டி ஆபீஸ். நீங்களே மாடில விட்றாதீங்க, சாயம் இருக்கற றெக்கை ஒட்டிப் போயிருக்கலாம், பறக்குமான்னு பாத்துட்டு அவங்க விடுவாங்க.

ஜீப்ராவுக்கும் பெங்காலீஸுக்கும் இந்தச் சிக்கல் இல்ல. பேரைப் பாத்துக் கொழம்ப வேண்டாம், பெங்காலீஸ் வங்காளத்துலேந்து வரலை, சில்லை வம்சத்துலேந்து ஜப்பான்ல மனுஷன் வளத்தெடுத்த கூண்டுப் பறவை, காட்டுல அப்படி ஒண்ணு கெடையாது.

வைகைக்கரை

அப்ப எங்கம்மா வாங்கி விடுறதும் இந்தச் சில்லைதானா? வீட்ல சொன்னா என்னைய வெளிய விட்ருவாங்கண்ணே.

கோடம்பாக்கத்தான்

என் கசின் ஜாவா வச்சிருக்கான், சாம்பல் ஒடம்பு, தடியா ரோஸ் கலர் மூக்கு. அதுவும் குத்தமா?

பறவைநோக்கி

ஜாவா குருவி வெளிநாட்டுப் பறவைதான், ஆனா அது சொந்த ஊர்லயே புடிச்சுப் புடிச்சு அழியற நெலைக்கு வந்துடுச்சு, சைட்டீஸ்ங்கற சர்வதேச வன உயிரின வியாபார ஒப்பந்தத்தோட ரெண்டாம் பட்டியல்ல இருக்கு. வச்சுக்கலாம், மத்திய அரசோட பரிவேஷ் போர்டல்ல பதிவு பண்ணணும், 2024-ல விதி வந்துச்சு. கைமாத்திக் குடுத்தாலும், குஞ்சு பொரிச்சாலும், செத்தாலும் தெரிவிக்கணும். அதனால சும்மா பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் குடுத்துட முடியாது, பதிவு பண்ணிட்டு அப்புறம் ஆள் பாக்கச் சொல்லுங்க.

மாடிவீட்டுக்காரி (சென்னை)

அப்டேட் சொல்லணும்ல. நெல்லை அண்ணாச்சிக்கு ஆறு சேவல் போயாச்சு, மச்சான் டீக்கடைல நிறுத்தறப்போ ஜன்னலைத் தொறந்து வச்சுட்டு அவரு காருக்குள்ளயே உக்காந்திருந்தாராம், டீ கையில வந்துச்சாம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு ரெண்டு பொட்டை, அவங்கம்மா மொதல்ல வட்டக் கூண்டுதான் வாங்கி வச்சிருந்தாங்க, நான் இந்த இழையைக் காமிச்சதும் முறைச்சாங்க, ஆனா மாத்திட்டாங்க. ஆவடிலேந்து ஒருத்தர் "மொத்தமா எடுத்துக்கறேன், ஏவியரி இருக்கு"ன்னு ஃபோன் பண்ணாரு!! போட்டோ கேட்டேன், அதுக்கப்புறம் எடுக்கலை. அடையாறுல ஒரு ரிட்டயர்டு டீச்சர் நாலு எடுத்துக்கறாங்க, நேர்ல போய்ப் பாத்தேன், வராண்டா பூரா வலை அடிச்சு வச்சிருக்காங்க, அவங்க காசு வேணுமான்னு கேட்டாங்க, நான் வாங்கலை, தினைவிதை அண்ணா திட்டாதீங்க. குஞ்சுங்க மூணும் வெளிய வந்துடுச்சு, இன்னும் அப்பாகிட்டதான் வாயைத் தொறந்து கேக்குது, அதனால அந்தக் குடும்பம் கடைசி. மீதி ஆறுக்கு ஆள் வேணும், எல்லாம் பொட்டை.

தினைவிதை (கோவை)

திட்டலீங்கக்கா, வராண்டா பூரா வலைன்னா நானே குடுத்துருப்பேன். ஆறு பொட்டையும் ஒரே எடமாப் பாருங்க, இல்லாட்டி மூணு மூணு. பெங்காலீஸ் வச்சிருக்கறவங்க கேட்டா கூண்டு பெருசான்னு பாத்துக்கங்க, எடம் கொறைவா இருந்தா ஜீப்ரா அதுங்க றெக்கையப் புடுங்கி வச்சுரும், பாக்கத்தான் சாது.

வெட்னரி_மாணவி

எங்க ஹாஸ்டல்ல வச்சுக்க முடியாது, ஆனா எங்க சீனியர் ஒருத்தங்க திருவள்ளூர்ல இருக்காங்க, கேட்டுட்டு உங்களுக்கு மெசேஜ் பண்றேன். கூண்டு போட்டோவோட.

தாம்பரம்_தம்பு

கிண்டிக்கு ஃபோன் பண்ணேன், வந்து ஒப்படைக்கச் சொல்லிட்டாங்க. எங்க வாங்கினீங்கன்னு கேட்டாங்க, சொன்னேன், எழுதிக்கிட்டாங்க.

கோடம்பாக்கத்தான்

சிஸ்டர், எல்லாம் போனதும் அந்தப் பெரிய கூண்டு விக்கறீங்களா? லவ் பேர்ட்ஸ் வாங்கலாம்னு ஒரு ஐடியா.

மாடிவீட்டுக்காரி (சென்னை)

கூண்டு கடைசிக் குடும்பத்தோட போகுது ப்ரோ. பானை வேணா மூணு இருக்கு.

தினைவிதை (கோவை)

பானையக் குடுக்காதீங்கக்கா!